ஆழம் எண்டா எங்கயிருந்து எங்க மட்டும்?

மொழிபெயர்ப்பு வேலை செய்யிற ஒரு தங்கச்சி கேட்டிருந்தா, இங்கிலிஸ்ல டெப்த், டீப் எண்டு வாற இடமெல்லாம் ஆழம், ஆழ்ந்த எண்டு போட்டா சரியோ எண்டு. தான் இவ்வளவு நாளும் அப்பிடித்தான் போட்டுக்கொண்டு வந்தவாவாம், போன கிழமை ஒரு அலுமாரி விளம்பரத்தில "ஆழம் 18 அங்குலம்" எண்டு எழுதிக் குடுக்க கடைக்காரர் சிரிச்சுப்போட்டு "தங்கச்சி நாங்கள் கிணறு விக்கேல்ல" எண்டு திருப்பி அனுப்பிட்டாராம். அதோட ஒரு லிஸ்ட்டும் போட்டிருந்தா: கிணறு, கடல், காடு, காயம், குரல், நிறம், நித்திரை, அனுதாபம், கமரா. இதுகள் எல்லாத்துக்கும் ஒரே சொல் பொருந்துமோ எண்டதுதான் கேள்வி.

நான் மொழிபெயர்ப்பாளன் இல்லை தங்கச்சி. குளம், வாய்க்கால், கிணறு எண்டு நாடாவும் கயிறும் கொண்டு அளந்து திரிஞ்ச ஆள், அதால இந்தச் சொல் எனக்கு நாளுக்குப் பத்துத்தரம் வாயில வந்த சொல். அந்தப் பழக்கத்தில சொல்லுறன், இலக்கணக்காரர் ஆரும் வந்து திருத்தினா திருத்தட்டும்.

பொருந்தாது. ஏன் பொருந்தாது எண்டதுதான் சுவாரசியம். ஆழம் எண்டது ஆழ் எண்ட வினையில இருந்து வந்தது, ஆழ்றது எண்டா அமிழ்றது, உள்ளுக்க இறங்கிறது. இலங்கையின்ர வடக்கில, வன்னியில நாங்கள் அந்த வினையை வாயால சொல்லுறது குறைவு, தாழுறது எண்டுதான் சொல்லுவம். வள்ளம் தாண்டு போச்சு, பெடியன் குளத்தில தாண்டு போனான், செத்த மாட்டைக் கிடங்கு வெட்டித் தாட்டது, இப்பிடி. புத்தகத்தில ஆழ்றதும் வாயில தாழுறதும் ஒரே காரியம். அப்ப தமிழில ஆழம் எண்டு சொல்ல ரெண்டு சாமான் வேணும், ஒண்டு தொடங்கிறதுக்கு ஒரு மேற்பரப்பு, மற்றது தாழுறதுக்கு உள்ளுக்க ஏதோ ஒண்டு, அது தண்ணியா இருக்கலாம் மண்ணா இருக்கலாம் சதையா இருக்கலாம் நித்திரையா துக்கமா இருக்கலாம். அலுமாரிக்குள்ள ஆர் தாழப்போறது? கடைக்காரர் சிரிச்சது அதுக்குத்தான், அவருக்குக் காரணம் சொல்லத் தெரியாட்டிலும் காதுக்குத் தெரிஞ்சிருக்கு.

இங்கிலிஸ்ல அப்பிடி இல்லை. அவைக்கு டெப்த் எண்டா முன்பக்கத்தில இருந்து பின்பக்கம் போற அளவும் டெப்த்தான், நிலத்தில இருந்து கீழ போற அளவும் டெப்த்தான், ஒரு குரலும் டீப், ஒரு நிறமும் டீப். ஒரு சொல்லை அவ்வளவு இடத்துக்கும் இழுத்து வச்சிருக்கினம். நாங்கள் இழுக்கேல்ல, நாங்கள் வேற சொல் வச்சிருக்கிறம், அவ்வளவுதான்.

இனி அந்த மேற்பரப்புக் கதைக்கு வாறன், ஏனெண்டா என்ர தொழிலில முழுச் சண்டையும் அதிலதான். "எங்கட கிணறு 30 அடி" எண்டு ஒராள் வந்து சொன்னா நான் முதல் கேக்கிறது எங்கயிருந்து எண்டு. கிணத்துக்கட்டின்ர மேல் விளிம்பில இருந்தோ, நிலத்தில இருந்தோ, எது மட்டும், தண்ணி மட்டுமோ அடி மட்டுமோ. கயிறு கட்டின வாளியை விட்டு அளந்தவர் கட்டிலயிருந்து அளந்திருப்பார், கிணறு வெட்டினவர் நிலத்தில இருந்து கணக்குப் பாத்துக் காசு வாங்கியிருப்பார், வீட்டுக்கார அம்மா தண்ணி எவ்வளவு கிடக்கு எண்டதைத்தான் ஆழம் எண்டு சொல்லுவா. மூண்டு பேரும் பொய் சொல்லேல்ல, மூண்டு பேற்ற இலக்கமும் வேற வேற. ஐப்பசி கார்த்திகை மழை முடிஞ்சாப் பிறகு கையால அள்ளுற மாதிரி நிக்கிற தண்ணி ஆவணி புரட்டாதியில அடியில ஒரு முழம் கிடக்கும், கிணறு ஒரு அங்குலமும் வளரேல்ல குறையேல்ல, ஆனா ஆழம் மாறிட்டுது.

இது வெறும் சொல் விளையாட்டு இல்லை, காசு போற விசயம். எங்கட ஊரில ஒரு தம்பி நல்ல விலை குடுத்துத் தண்ணி இறைக்கிற மண்ணெண்ணெய் மெசின் ஒண்டு வாங்கிக்கொண்டு வந்து கிணத்தடியில வச்சு இழுத்தான், மெசின் கத்துது, தண்ணி வரேல்ல. கடைக்காரனைப் பேசினான். பிழை மெசினில இல்லை. மேல வச்சு உறிஞ்சிற எந்தப் பம்மும் உண்மையில தண்ணியை இழுக்கிறேல்ல, குழாய்க்குள்ள இருக்கிற காத்தை எடுத்துவிட வெளியில இருக்கிற காத்து தண்ணியை அமத்தி மேல தள்ளுது, அந்தக் காத்தின்ர அமுக்கத்துக்கு ஒரு அளவு இருக்கு, கணக்குப்படி 34 அடி மட்டும்தான் தள்ளலாம், அதுவும் ஒரு கசிவும் இல்லாத உத்தமமான பம் எண்டா. நடைமுறையில 24, 25 அடிக்கு மேல எண்டா கஷ்டம். தம்பியின்ர கிணத்தில தண்ணி மட்டம் நிலத்தில இருந்து 29 அடியில நிண்டது. கிணறு எத்தினை அடி எண்டது பம்முக்குத் தேவையில்லாத கேள்வி, பம்மில இருந்து தண்ணி மட்டும் எத்தினை அடி எண்டதுதான் பம்முக்குத் தெரிஞ்ச ஒரே ஆழம்.

சனம் இதுக்குச் செய்யிற வேலை மெசினைக் கயிறு கட்டிக் கிணத்துக்க பாதியில இறக்கிறது. கரண்ட் மோட்டர் எண்டா சரி, எண்ணெய் மெசின் எண்டா தயவுசெய்து செய்யாதேங்கோ. புகை கிணத்துக்கையே நிண்டுபோம், அதில வாற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, மெசினை நிப்பாட்ட இறங்கின ஆள் அப்பிடியே விழுவார், அவரைத் தூக்க எண்டு அடுத்த ஆள் இறங்குவார். ஒரே கிணத்தில ரெண்டு மூண்டு பேர் போறது இப்பிடித்தான். கேள்விக்கு வெளியில போட்டன், பரவாயில்லை, இதை எங்க எழுதினாலும் நான் சொல்லுவன்.

கிணத்தை எட்டிப் பாக்கிறதில இன்னொரு ஏமாத்து இருக்கு. தெளிஞ்ச தண்ணியை நேர மேலயிருந்து பாத்தா அடி கிட்ட வந்தமாதிரித் தெரியும், வெளிச்சம் தண்ணியில இருந்து காத்துக்கு வரேக்க வளையிறதால உண்மையான ஆழத்தில முக்கால் பங்குதான் கண்ணுக்குப் படும். 12 அடித் தண்ணி 9 அடி போலத் தெரியும், சரிவாப் பாத்தா இன்னும் குறைவாத் தெரியும். குளத்துக் கரையில நிண்டு "இடுப்பளவுதான் கிடக்கு" எண்டு குதிக்கிற வெளியூர்ப் பெடியளுக்கு இதை ஆரும் சொல்லிக் குடுக்கிறேல்ல. தெரியாத கிணத்துக்கு நான் செய்யிறது ஒரு சின்னக் கல்லைப் போட்டுச் சத்தம் வரும் மட்டும் எண்ணுறது, ஒரு செக்கன் எண்டா 16 அடி, ஒண்டரை எண்டா 36, ரெண்டு எண்டா 64. ரெட்டிப்பு நேரத்துக்கு நாலு மடங்கு ஆழம், கல்லு போகப் போக வேகம் எடுக்கிறதால. இதுவும் தண்ணி வரைக்கும்தான் சொல்லும், கிணத்தின்ர அடி வரைக்கும் சொல்லாது, தண்ணியைத் தாண்டிக் கல்லுச் சொல்லுற கதை எங்களுக்குக் கேக்காது.

குளத்துக்கு வந்தா கதை இன்னும் வடிவு. மாரியில எல்லாற்ற போனிலயும் வாற செய்தி "இரணைமடு 30 அடி தாண்டிட்டுது, வான்கதவு திறக்கப்போறாங்கள்" எண்டதுதானே. புனரமைச்சாப் பிறகு அதின்ர முழு மட்டம் 36 அடி, முதல் 34. இந்த 36 அடியைக் கேட்டிட்டுக் கனபேர் நினைக்கிறது குளத்தின்ர ஆழம் 36 அடி எண்டு. இல்லை. அது துருசின்ர, அதாவது வாய்க்காலுக்குத் தண்ணி விடுற மதகின்ர, வாசற்படியில இருந்து மேல அளக்கிற அளவு, துருசடியில நட்டிருக்கிற அளவுகோலில பூச்சியம் எங்க நிக்குதோ அங்கயிருந்து. அதுக்குக் கீழயும் தண்ணி கிடக்கும், அது வாய்க்காலுக்குப் போகாத தண்ணி, வயலுக்குப் பிரயோசனம் இல்லை, மீனுக்கும் மாட்டுக்கும்தான். தண்ணி வந்து முடியிற அலைகரைப் பக்கம் போனா அதே நாளில முழங்கால் அளவு. அப்ப 36 அடி எண்டது ஆழமோ உயரமோ? கீழயிருந்து மேல அளந்தபடியால் அது உயரம், நீர்மட்டம். மேலயிருந்து கீழ அளந்தாத்தான் ஆழம். ஒரே தண்ணி, ஒரே நாள், எந்த முனையில நிண்டு அளக்கிறீங்கள் எண்டதில சொல் மாறும். இதை மொழிபெயர்க்கேக்க வோட்டர் டெப்த் எண்டு கண்டா ஒருக்கா நிண்டு யோசியுங்கோ, அனேகமா நீர்மட்டம் எண்டதுதான் சரியா வரும்.

மேற்பரப்பு மாறினா ஆழம் எப்பிடிப் பொய்யாப் போகும் எண்டு நான் படிச்சது குளத்தில இல்லை, என்ர வளவுக்க. 2008 கடைசியில சண்டையால வீட்டை விட்டு வெளிக்கிடேக்க எல்லாரும் செய்தமாதிரி நாங்களும் கொண்டுபோகேலாத சாமானைத் தாட்டனாங்கள். ஒரு பரலுக்க, பெரிய பீப்பாதான், அம்மாவின்ர தையல் மெசின்ர தலை, குத்துவிளக்கு, பித்தளைப் பானை ரெண்டு, காணி உறுதியளின்ர கொப்பி ஒரு பொலித்தீனுக்க. கிணத்துக்கட்டில இருந்து மாமரப் பக்கம் பத்து எட்டு வச்சு, இறங்கி நிண்டா நெஞ்சளவு வாற கிடங்கு வெட்டி, பரலை வச்சு மேல மண் போட்டம், பரலின்ர மூடி முழங்கால் ஆழத்தில. 2010 இல திரும்பி வந்தா வீட்டில அத்திவாரம் மட்டும் கிடக்கு, மாமரம் இல்லை, கிணறு இருக்கு. பத்து எட்டு வச்சு நானும் மச்சானும் வெட்டினம். முழங்கால் அளவு போச்சு, இல்லை. இடுப்பளவு போச்சு, இல்லை. மச்சான் "அத்தான், ஆரோ எடுத்துக்கொண்டு போட்டாங்கள், விடுங்கோ" எண்டு மண்வெட்டியை எறிஞ்சிட்டார். நான் களைச்சுப்போய் கிணத்துக்கட்டில இருந்தன். இருந்தாப் பிறகுதான் உணர்ச்சி வந்தது, இந்தக் கட்டில முந்தி நான் ஏறித்தானே இருக்கிறனான். இடுப்புக்கு வாற கட்டு இப்ப முழங்காலுக்கு நிக்குது. கட்டுத் தாழேல்ல, டோசர் போட்டு மண்ணைத் தள்ளி வளவு முழுக்க ரெண்டடிக்குக் கிட்ட உயத்திக்கிடக்கு. நாங்கள் புது நிலத்தில இருந்து பழைய ஆழத்தைத் தேடியிருக்கிறம். இன்னும் ஒரு சாண் வெட்ட மண்வெட்டி டங் எண்டுது. தையல் மெசின் கறள் பிடிச்சு ஒண்டுக்கும் உதவாது, குத்துவிளக்குக்கு ஒண்டும் இல்லை, புளி போட்டு மினுக்கி இப்பவும் சாமியறையில நிக்குது.

அதிலயிருந்து ஆரும் ஆழம் சொன்னா எனக்கு முதல் கட்டைத்தான் பாக்கத் தோணும்.

வன்னியில ஆழத்துக்குச் சொல்லுப் பஞ்சம் எண்டு ஒருத்தரும் சொல்லேலாது. ஊர்ப் பேரே அதுதான். மடு எண்டா ஆத்திலயோ குளத்திலயோ கோடையிலயும் வத்தாம நிக்கிற ஆழமான கிடங்கு, இரணைமடு, கல்மடு, கற்சிலைமடு, மாமடு, பள்ளமடு, மன்னார் மடு எண்டு எண்ணிக்கொண்டு போகலாம். இரணை எண்டா சோடி, ரெட்டை மடு. பிறகு மோட்டை, பள்ளம், கிடங்கு, குழி, துரவு, கேணி. மணல் பக்கம் கையால தோண்டி ஊறப் பண்ணிற பூவல். இதில ஒவ்வொண்டும் ஒரு ஆழம், இலக்கம் இல்லாத ஆழம், பூவல் எண்டு சொன்னவுடன கையளவு ஆழம் எண்டு விளங்கும், மடு எண்டா ஆள் தாழும் எண்டு விளங்கும். அளவு சொல்ல வேணுமெண்டா உடம்பைத்தான் பிடிக்கிறது, கரண்டைக்கால் அளவு, முழங்கால் அளவு, இடுப்பளவு, நெஞ்சளவு, கழுத்தளவு, அதுக்கு மேல ஆள் தாழும், அதுக்கு மேல எத்தினை ஆள் எண்டு கணக்கு. பங்கர் வெட்டேக்கயும் இதே அளவுதான், கழுத்தளவு போனா நல்லம் எண்டு வெட்டினா மாரியில கீழயிருந்து தண்ணி ஊறும், எத்தினை இரவு அந்தத் தண்ணிக்க இருந்திருப்பம்.

கடற்காரர் உடம்பையே நீட்டிப் போட்டினம். ரெண்டு கையையும் விரிச்சா ஒரு பாகம், கிட்டத்தட்ட 6 அடி. ஈயம் கட்டின கயித்தை விட்டு, திருப்பி இழுக்கேக்க கை விரிச்சு விரிச்சு எண்ணுறது, ஏழு பாகம் எட்டுப் பாகம் எண்டு. இங்கிலிஸ்காரரின்ர ஃபதம் எண்டதும் பழைய கருத்தில விரிச்ச கைதான், அதுவும் 6 அடிதான். இந்த ஒரு இடத்தில ரெண்டு மொழியும் ஒரே மாதிரி யோசிச்சிருக்கு.

பேரில கடல் எண்டு இருந்தாலும் ஆழம் இருக்கோணும் எண்டில்லை. முல்லைத்தீவு நந்திக்கடல் கடலே இல்லை, களப்பு, கன இடத்தில நடந்து நிண்டு இறால் பிடிப்பினம். மேற்கால மன்னார்ப் பக்கம் பாக்குக் குடாவும் ஆழம் குறைஞ்ச கடல்தான், அதாலதான் பெரிய கப்பல் அதால போறதில்லை, 2005 இல இந்தியா தொடங்கின சேதுக் கால்வாய்த் திட்டமே 12 மீற்றர் ஆழம் வாறமாதிரிக் கிண்டுறதுக்குத்தான். கிழக்கால முல்லைத்தீவுக் கரையில நிண்டா முன்னுக்கு வங்காள விரிகுடா, அது வேற கதை. உலகத்திலயே ஆழமான இடம் பசிபிக்கில மரியானா அகழி, கிட்டத்தட்ட 10,900 மீற்றர், எவரெஸ்டைக் கவிட்டு வச்சாலும் 2 கிலோமீற்றர் மிச்சம் வரும். ஒவ்வொரு 10 மீற்றர் இறங்கவும் எங்களைச் சுத்தியிருக்கிற முழுக் காத்து மண்டலத்தின்ர பாரம் ஒண்டு கூடிக்கொண்டு போகும், அப்ப அங்க ஆயிரத்துக்கு மேல.

ஆழி எண்டு கடலுக்கு ஒரு பேர் இருக்கு, ஆழமானது ஆழி. 2004 மார்கழி 26க்கு முன்னம் அந்தச் சொல் பாட்டிலயும் பரீட்சையிலயும்தான் இருந்தது, அதுக்குப் பிறகு ஆழிப்பேரலை எண்டு முல்லைத்தீவில சின்னப்பிள்ளைக்கும் தெரிஞ்ச சொல். அந்தப் பேர் உண்மையிலயே பொருத்தம், ஏனெண்டா அந்த அலையின்ர வேகத்தை முடிவு செய்யிறது ஆழம்தான். 4,000 மீற்றர் ஆழக் கடலில மணிக்கு 700 கிலோமீற்றர், பிளேன் வேகம், ஆனா மேல நிக்கிற வள்ளத்துக்கு ஒண்டும் தெரியாது. கரைக்கு வந்து ஆழம் 10 மீற்றர் ஆகேக்க மணிக்கு 36 கிலோமீற்றராக் குறையுது. முன்னுக்கு வந்தது மெதுவாக, பின்னுக்கு வாறது அதோட வந்து முட்ட, போக இடம் இல்லாமல் மேல எழும்புது. ஆழக்கடலில நிண்டவன் தப்பினதும் கரையில நிண்டவன் போனதும் அதாலதான்.

இனி லிஸ்ட்டில மிச்சம். காயம், சரி, ஆழமான காயம் எண்டு தாராளமாப் போடுங்கோ. ஆழம் எப்பவும் நிலத்துக்குக் கீழதான் போகோணும் எண்டில்லை எண்டதுக்கு இது உதாரணம், தோல் மேற்பரப்பு, சதைக்குள்ள கத்தி தாழுது, எந்தப் பக்கத்தால போனாலும் ஆழம்தான். ஆணி, வேர் எல்லாம் இதே கணக்கு. உழவும் அப்பிடி, அகல உழுகிறதிலும் ஆழ உழு எண்ட பழமொழியை வயலுக்குச் சொன்னதிலும் படிக்கிற பிள்ளையளுக்குச் சொன்னதுதான் கூட, அதால "ஆழமாப் படிக்கிறது", "ஆழமான ஆய்வு" எல்லாம் சரியான தமிழ்தான்.

காடு? இதில கொஞ்சம் நிக்கோணும். "ஆழமான காடு", "காட்டின் ஆழத்தில்" எண்டு இப்ப மொழிபெயர்ப்புக் கதையளில கனக்கக் காணுறன். காட்டோட இருக்கிற எந்த வன்னியானும் அப்பிடிச் சொல்லமாட்டான். உள்காடு, நடுக்காடு, பெருங்காடு, அடர்காடு, தேன் எடுக்கப் போனவர் "நல்லா உள்ளுக்க போட்டார்". காட்டுக்குள்ள நடந்துதான் போறது, தாழுறேல்ல. ஆனா ஒரே ஒரு இடத்தில இந்த இங்கிலிஸ் ஆழம் எங்கட காட்டுக்குள்ள வந்து பூந்திட்டுது, அது சண்டைக்காலத்தில. காட்டுக்குள்ளால ரகசியமா வந்து றோட்டில கிளைமோர்க் குண்டு வச்ச இராணுவ அணிக்குச் சனம் "ஆழ ஊடுருவும் படை" எண்டுதான் சொன்னது, சுருக்கி "ஆழ ஊடுருவி". அது படைச்சொல்லின்ர நேர் மொழிபெயர்ப்பு, எல்லையில இருந்து எவ்வளவு தூரம் உள்ளுக்க வாறது எண்ட அர்த்தத்தில ஆழம். இலக்கணப்படி அது எங்கட ஆழம் இல்லை. ஆனா அந்த நேரம் அக்கராயன் றோட்டால சைக்கிளில போன ஆளுக்கு அந்தச் சொல்லைக் கேட்டா முதுகு கூசும், பேந்து என்ன இலக்கணம், சொல் அப்பிடியே நிண்டிட்டுது. அதால படையைப் பற்றின எழுத்தில அதை மாத்தாதேங்கோ, தேன் எடுக்கிறவரைப் பற்றின எழுத்தில பாவிக்காதேங்கோ.

மனசுப் பக்கம். ஆழ்ந்த நித்திரை, ஆழ்ந்த யோசனை, தியானத்தில ஆழ்ந்திருந்தார், எல்லாம் சரி, ஆள் அதுக்குள்ள தாண்டுபோய்க் கிடக்கிறார் எண்டதுதான் கருத்து. ஆழ்வார் எண்ட பேரும் அதுதான், பெருமாளில அமிழ்ந்து போனவர். ஆழ்ந்த அனுதாபமும் சரி, சந்திக்குச் சந்தி ஒட்டியிருக்கிற கண்ணீர் அஞ்சலி நோட்டிசில "எம்மை ஆறாத்துயரில் ஆழ்த்திச் சென்ற" எண்டு கிடக்கே, துயரம் தண்ணி, நாங்கள் தாழுறம். ஆனா "ஆழ்ந்த நன்றி" எண்டு போட்டிருந்தீங்கள் எண்டா மாத்துங்கோ, மனமார்ந்த நன்றிதான். மகிழ்ச்சிக்கும் பேப்பர்காரர் "மகிழ்ச்சியில் ஆழ்த்தியது" எண்டு எழுதுவினம், நான் எழுதமாட்டன். துக்கத்தில தாழுறது, சந்தோசத்தில மிதக்கிறது, அதுதானே நாங்கள் சொல்லுறது. கடனுக்கு இங்கிலிஸ் டீப் எண்டு வந்தா கழுத்தளவு கடன் எண்டு போடுங்கோ, லீசிங் கட்டுறவை எல்லாருக்கும் உடன விளங்கும்.

ஆளைப் பற்றிச் சொல்லேக்க கவனம் வேணும். இங்கிலிஸ்ல ஒராளை டீப் எண்டா புகழ்ச்சி, யோசிக்கிற மனுசன் எண்டு. எங்கட பக்கம் "அவர் சரியான ஆழமான ஆள்" எண்டு ஒரு அம்மா சொன்னா அது புகழ்ச்சி இல்லை, உள்ளுக்க என்ன வச்சிருக்கிறார் எண்டு பிடிக்கேலாது, பாத்து நடவுங்கோ எண்டு சொல்லுறா. கலியாணப் பேச்சில இந்த ஒரு சொல்லில சம்பந்தம் நிண்டுபோனதை நான் கண்டிருக்கிறன். அதேமாதிரி "ஆழம் பாக்கிறான்" எண்டா படிக்கிறான் எண்டில்லை, உங்களைச் சீண்டி நூல் விட்டுப் பாக்கிறான் எண்டு.

குரலும் நிறமும் இரவும் ஆழம் இல்லவே இல்லை. டீப் வொய்ஸ் எண்டா கட்டைக் குரல். டீப் ரெட் எண்டா கடுஞ்சிவப்பு, பச்சை எண்டா கரும்பச்சை. டீப் இன் த நைட் எண்டு வந்தா நடுச்சாமம். ஆஸ்பத்திரியில டொக்டர் டீப் பிறெத் எண்டா, "நல்லா மூச்சை இழுத்து விடுங்கோ அம்மா" எண்டுதான் நேர்ஸ் மிஸ் சொல்லுவா, "ஆழ்ந்து சுவாசியுங்கள்" எண்டு சொன்னா அம்மா திரும்பி மகளைப் பாப்பா. டீப் ஃப்ரீசரை அப்பிடியே விடுங்கோ, அதை மாத்தி ஒருத்தருக்கும் பிரயோசனம் இல்லை.

கமராவில வாறது ரெண்டு வேற சாமான். ஒண்டு டெப்த் ஒஃப் ஃபீல்ட், படத்தில எந்தத் தூரத்தில இருந்து எந்தத் தூரம் மட்டும் தெளிவா விழுது எண்டது. லென்சின்ர வாயைப் பெருசாத் திறந்தா அந்த வீச்சுக் குறையும், பொம்பிளையின்ர முகம் மட்டும் தெளிவா பின்னால நிக்கிற பந்தல் எல்லாம் கரைஞ்சு போம், வாயைச் சின்னனாக்கினா பந்தலும் தெரியும், ஆனா வெளிச்சம் குறையும். இதுக்குப் புலத்தின் ஆழம் எண்டு நேராப் போடுவினம், நான் எண்டா தெளிவு வீச்சு எண்டு போடுவன், அதைக் கேட்டாலே விசயம் விளங்கும். மற்றது டெப்த் சென்சர், அது எது கிட்ட எது தூர எண்டு கண்டுபிடிக்கிறது, எங்கட ரெண்டு கண்ணும் செய்யிற வேலை. ரெண்டு கண்ணுக்கும் நடுவில ரெண்டரை அங்குல இடைவெளி, ரெண்டும் கொஞ்சம் வேற வேற படம் காணுது, மூளை அந்த வித்தியாசத்தில தூரத்தைக் கணிக்குது. ஒரு கண்ணைப் பொத்திக்கொண்டு ஊசிக்கு நூல் கோத்துப் பாருங்கோ, பக்கத்தால பக்கத்தாலயே போகும். அதால அங்க தூர உணர்வு, தூரம் எண்டுதான் வரோணும். கொம்பியூட்டர்காரரின்ர டீப் லேர்னிங் எண்டதில ஆழம் எண்டது அடுக்கு, ஒண்டுக்குப் பின்னால ஒண்டா கன அடுக்கு வச்சுக் கணக்குப் பாக்கிறது, ஆழ் கற்றல் எண்டு சனம் பழகிட்டுது, விட்டிடுங்கோ.

கடைசியா உங்கட அலுமாரி. இதுக்கு நான் வீட்டில இருந்து சொல் கண்டுபிடிக்க விரும்பேல்ல, பரந்தன் பக்கம் தளபாடம் செய்யிற ஒரு அண்ணையிட்டப் போய்க் கேட்டன். அலுமாரியைக் காட்டி "அண்ணை, இது நீளம், இது உயரம், முன்னுக்கு இருந்து பின்பலகை மட்டும் இருக்கே, அதுக்கு என்ன சொல்லுறனீங்கள்" எண்டு. அவர் என்னை ஒரு மாதிரிப் பாத்திட்டு கதவைத் திறந்து கையை உள்ளுக்க விட்டுப் பலகையில ரெண்டு தட்டுத் தட்டினார். "உள்ளகலம். ஒண்டரை அடி உள்ளகலம். ஹேங்கர் கொழுவுறதெண்டா ரெண்டடி வைக்கோணும், இல்லாட்டி சட்டையின்ர கை கதவுக்க மாட்டும்" எண்டார். அப்ப உங்கட 18 அங்குல அலுமாரிக்கு உள்ளகலம் எண்டு போட்டு அனுப்புங்கோ, அதோட அது மடிச்சு வைக்கிற அலுமாரியோ கொழுவுறதோ எண்டும் கடைக்காரரை ஒருக்காக் கேளுங்கோ.